மூன்று கோட் பெயின்ட்டுக்குப் பில், படகில் ஒன்றரை கோட்: மலேசிய மேற்குக் கரையில் படகைக் கரையேற்றுவோர் கவனத்துக்கு

பாய்மரப் படகிலேயே குடியிருந்து மலாக்கா நீரிணை, அந்தமான் கடல் என்று சுற்றும் தம்பதிகள் இந்தப் பக்கம் நிறையப் பேர். கடல் நீர் ஆண்டு முழுதும் 28, 30 டிகிரியில் கிடக்கும் இடத்தில் படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுக்கு (பார்னக்கிள்) ஓய்வு கிடையாது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்கு ஆன்ட்டிஃபவுலிங் பெயின்ட், அதாவது கொட்டலசை ஒட்டவிடாத விஷப் பெயின்ட், அடித்தே ஆகவேண்டும். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் உதிரிப் பொருளும் பெயின்ட்டும் தருவிப்பது அங்கே சுலபம். ஏமாற்றும் இந்த வேலையில்தான் நடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் யார்டுகள் பலவும் படகைத் தூக்கும் டிராவல் லிஃப்ட்டையும் நிறுத்த இடத்தையும் மட்டுமே தருகின்றன. பெயின்ட் வேலை வெளி கான்ட்ராக்டருடையது. புகார் என்று போனால் யார்டு கான்ட்ராக்டரைக் கைகாட்டும். கான்ட்ராக்டர் பெயின்ட் கம்பெனியைக் கைகாட்டுவார்.

இந்தப் பதிவில் வரும் படகு 12 மீட்டர் ஃபைபர் படகு. பேசியது இவ்வளவு: பழைய பெயின்ட்டை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தல், தேவையான இடத்தில் எப்பாக்ஸி பிரைமர், நீரில் மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும் செல்ஃப் பாலிஷிங் ஆன்ட்டிஃபவுலிங் மூன்று கோட், அரிப்பைத் தாமே வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டிகளான அனோடுகள் புதிதாக, படகின் அடித்துளைகளைத் திறந்து மூடும் வால்வான சீகாக் வெண்கலத்தில் இரண்டு. கரையில் நிற்கும் படகில் கழிப்பறையோ சிங்க்கோ பயன்படுத்த முடியாது, ஏசியும் பெரும்பாலும் ஓடாது. எனவே படகுக்காரர்கள் ஊருக்குள் அறை எடுத்துப் போய்விடுவார்கள். கான்ட்ராக்டர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

நான்கே மாதத்தில் புதுப் பெயின்ட் கைப்பிடி அளவில் உரிந்தது. படகைத் தாங்கிய ஸ்டாண்டுகளின் பட்டைகள் பட்டிருந்த இடங்களில் சதுரம் சதுரமாகக் கொட்டலசு. உரிந்த சில்லை மைக்ரோமீட்டரில் வைத்தால் 70 முதல் 80 மைக்ரான். தேய்மானத்தைக் கூட்டினாலும் இது மூன்று கோட் ஆகாது.

ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் பரப்பளவுக்கு, நீர்மட்ட நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்கி, நடுத்தர எடைப் படகுக்கு 0.75ஆல் பெருக்க வேண்டும். இந்தப் படகுக்கு 10.5 × (3.8 + 1.9) × 0.75, அதாவது சுமார் 45 சதுர மீட்டர். பெயின்ட்டின் டேட்டா ஷீட்டில் திடப்பொருள் 50 சதவீதம், காய்ந்தபின் கோட்டுக்கு 50 மைக்ரான் என்று இருந்தால், ஈரமாக 100 மைக்ரான் அடிக்க வேண்டும். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும். கோட்டுக்கு நாலரை லிட்டர், ரோலரும் தட்டும் குடிப்பதைச் சேர்த்தால் 5. மூன்று கோட்டுக்கு 15 லிட்டர், 150 மைக்ரான். பில்லில் 5 லிட்டர் டின் மூன்று இருந்தது. படகில் இருந்தது அதில் பாதி.

மீதிப் பாதி வேறொரு படகுக்குப் போயிருக்கும், வேறென்ன. காலி டின்களைக் காட்டினார்கள். ஆனால் பேட்ச் எண்கள் வேறு வேறு, இரண்டு டின்னின் ஓரத்தில் எப்போதோ காய்ந்து வெடித்த பழைய பெயின்ட். ஆகவே சீல் உடைப்பதற்கு முன்பே ஒவ்வொரு டின்னின் பேட்ச் எண்ணையும் படமெடுத்து, மூடியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். டின்னைத் தூக்கியும் பாருங்கள். செம்பு ஆக்சைடு நிறைய உள்ள பெயின்ட் லிட்டருக்கு 1.6 முதல் 2 கிலோ வரும். 5 லிட்டர் டின் 8 கிலோவுக்குக் குறைந்தால் கேள்வி கேட்கலாம்.

அந்தச் செம்பு டின்னின் அடியில் படிந்து கிடக்கும். டிரில்லில் மாட்டிய கலக்கியால் அடி வரை கலக்காமல் மேலாக ஊற்றி அடித்தால் நிறம் வரும், விஷம் வராது. தின்னரையும் பாருங்கள். டேட்டா ஷீட் அனுமதிப்பது பெரும்பாலும் 5 சதவீதம், அதிகம் போனால் 10. வெயிலில் சூடேறிய கருநிற அடிப்பாகத்தில் ரோலர் இழுக்காது, உடனே தின்னரைக் கொட்டுவார்கள். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலும், பரப்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலும் அடிக்கக் கூடாது. காலைப் பனி காய்ந்தபின், மதிய மழைக்கு முன் கிடைக்கும் சில மணி நேரம்தான் இங்கே வேலை நேரம்.

கோட் எண்ணிக்கையில் ஏமாறாமலிருக்க ஒரு பழைய உபாயம்: முதல் கோட் சிவப்பு, அடுத்த இரண்டும் நீலம். நீலத்துக்குள் சிவப்பு மினுக்கினால் தெரிந்துவிடும். பின்னாளில் மறுபடி அடிக்கவேண்டிய நேரத்தையும் அதே சிவப்பு சொல்லும். ஈரப் பெயின்ட்டின் தடிமனைப் பார்க்கச் சீப்பு வடிவ கேஜ் இருக்கிறது, விலையும் சொற்பம்.

உரிந்ததற்குக் காரணம் வேறு. எப்பாக்ஸி பிரைமர் கட்டைவிரல் வைத்தால் ஒட்டிப் பிடிக்கும், ஆனால் கையில் வராது என்ற பதத்தில் இருக்கும்போதே முதல் ஆன்ட்டிஃபவுலிங் கோட் ஏற வேண்டும். அந்த நேரம் தவறினால் தண்ணீரால் கழுவி, மேலே படியும் வழவழப்பை நீக்கி, மறுபடி தாள் போட்டே அடிக்க வேண்டும். இங்கே பிரைமரை இரவெல்லாம் விட்டுவிட்டு மறுநாள் நேரே அடித்திருக்கிறார்கள்.

ஸ்டாண்டு பட்டைகளுக்கு: ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் பிணைத்தபடி அடிக்க வேண்டும். அந்த வேலை யார்டு ஆட்களுடையது, பெயின்டர் கை வைக்கக் கூடாது. படகின் அடியில் துடுப்புபோல் நீளும் கீலின் அடிப்பகுதிக்கு, இறக்கும் நாளுக்கு முந்தைய இரவு படகை லிஃப்ட்டின் வார்களில் தொங்கவிடக் கேளுங்கள். கூலி கேட்பார்கள், கொடுக்கலாம்.

பெயின்ட் போனால் பணம்தான் போகும். சீகாக் விஷயம் அப்படியல்ல. பில்லில் வெண்கலம், மாட்டியது வீட்டுக் குழாய்க் கடைப் பித்தளை பால் வால்வு. உடம்பில் சிடபிள்யூ617என் என்று பொறித்திருந்தது, அது சாதாரணப் பித்தளையின் எண். துத்தநாகம் அதில் ஏறக்குறைய 40 சதவீதம். கடல் நீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சும் செம்பு பார்வைக்கு முழுசாக இருக்கும், தட்டினால் பிஸ்கட் போல உடையும். கீறிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். சிடபிள்யூ602என் அல்லது சிஆர் என்ற பொறிப்பு இருந்தால் அது துத்தநாகம் கரையாமல் காக்கும் வகைப் பித்தளை, தேறும். சீகாக்குகளுக்கான ஐஎஸ்ஓ 9093 தரநிலை கேட்பதே ஐந்தாண்டு தாங்குவதைத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். தரச் சான்றை நீட்டினால் மயங்க வேண்டாம்.

மரையையும் எண்ணுங்கள். அமெரிக்கப் படகின் ஒரு அங்குலத் துளைப் பொருத்தில் (அடித்துளையில் பதித்து, சீகாக்கைத் திருகும் குழாய்) அங்குலத்துக்கு பதினொன்றரை மரை. மலேசியக் கடையில் கிடைக்கும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் மரைத் தரம்) வால்வில் பதினொன்று. இரண்டு மூன்று சுற்றில் இறுகிவிடும், டேப்பையும் பசையையும் சுற்றினால் கசியவும் செய்யாது. அந்த இரண்டு சுற்றுதான் படகுக்கும் கடலுக்கும் நடுவே. அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் விதி சீகாக்கின் உள்முனையில் 500 பவுண்ட், அதாவது 227 கிலோ பாரத்தை 30 விநாடி தாங்கச் சொல்கிறது. கரையில் நிற்கும்போதே உள்முனையைப் பிடித்து உடம்பு பாரத்தோடு அழுத்துங்கள். அசைந்தால் படகை இறக்காதீர்கள்.

அனோடு மேல் பெயின்ட் பட்டால் அது அனோடே அல்ல. சேல்டிரைவ் (இன்ஜினிலிருந்து அடிப்பாகம் வழியே நீருக்குள் இறங்கும் புரொப்பெல்லர் கால்) உள்ளவர்கள் அந்த அலுமினியக் காலில் செம்பு ஆக்சைடு பெயின்ட் ஏறாமல் கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள், காலை அரித்துவிடும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பொருளை நீங்களே வாங்கி, கூலியை மூன்றாகப் பிரித்து, கடைசிப் பங்கைப் படகு தண்ணீரில் இறங்கி, வார் கழற்றும் முன் உள்ளே போய் ஒவ்வொரு சீகாக்கையும் தொட்டுப் பார்த்தபின் கொடுங்கள். கசிந்தால் லிஃப்ட் அங்கேயே இருக்கிறது.

இந்தக் கான்ட்ராக்டர் சீகாக் பணத்தைத் திருப்பித் தந்தார், பெயின்ட்டுக்கு மறுத்துவிட்டார். மலேசியாவில் நுகர்வோர் உரிமைக் கோரல் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை எடுக்கும். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. சொந்த உபயோகப் படகுக்குத்தான் இது, சார்ட்டர், அதாவது வாடகைக்கு, விடும் படகுக்கு அல்ல. எழுத்தில் கொட்டேஷன், பேட்ச் எண் படங்கள், உரிந்த சில்லு, கழற்றிய வால்வு நான்கையும் ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். கழற்றிய வால்வை ‘ஸ்கிராப்புக்கு’ என்று கேட்டு வாங்கிப் போக ஆள் வருவார்.