பெட்ரா வந்தது, நிறம்தான் முதலில் வரவில்லை

மட்டக்களப்பு டவுனில் ஒரு பிரிண்ட் கடையில், அமெரிக்க ஓவியர் பிரெடெரிக் சேர்ச் வரைந்த பெட்ரா (ஜோர்தானில் பாறையில் குடைந்த பழைய நகரம்) ஓவியத்தை ஏ3 அளவில் அடித்துச் சட்டம் போட்டு எடுத்தேன். சட்டம் அருமை, மூலைகளில் இடைவெளியே இல்லை. நிறம்தான் கோளாறு. 1868இல் ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து பெட்ராவுக்குப் போய், அங்கேயே எண்ணெய் வர்ணத்தில் சிறு படங்கள் போட்டு வந்தவர் சேர்ச். அதை வைத்து 1874இல் முடித்த பெரிய படத்தில், இருண்ட பாறை இடுக்கின் முடிவில், பாறையில் குடைந்த கட்டடமான அல் கஸ்னே இளஞ்சிவப்பாய் மின்னும். இவர்கள் அடித்ததிலோ அது வெறும் செங்கல்! கல்லடிக் கடற்கரையில் நான் வரையும்போது ஈர வர்ணத்தில் மணல் ஒட்டும், அதுகூட இவ்வளவு கெடுக்காது. சொன்னதும் கடைத் தம்பி முகம் சுழிக்காமல், காசும் வாங்காமல் மறுபடி அடித்துத் தந்தார். சரி, இது பரவாயில்லை. முதலில் சின்னதாய் ஒரு மாதிரி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.