சிபி கேட்க யூனிடன் பிசி125ஏடி: குறை ஸ்கேனரில் இல்லை, ஆன்டெனாவில்

டெக்சஸில் டெண்டன் ஊர், ஐ-35 நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மைல் தள்ளி வீடு. ராத்திரி முழுக்க லாரிச் சத்தம். அந்த டிரைவர்கள் சிபியில் (சிட்டிசன்ஸ் பேண்ட் என்ற பொதுமக்கள் ரேடியோவில்) தங்களுக்குள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கும் ஆசையில்தான் இந்தக் கையடக்க ஸ்கேனரை, அதாவது ரேடியோ அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் கருவியை, வாங்கினேன். ஒரு வருடம் ஆகிவிட்டது, இன்றும் தினமும் ஆன் செய்கிறேன்.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க சிபி 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 40 சேனல். சில ஸ்கேனர்கள் 29க்கு மேல்தான் தொடங்கும், அவற்றில் சிபி வரவே வராது. இது 25லிருந்தே எடுக்கிறது, போலீஸ், விமானம் போல சிபிக்கும் தனித் தேடல் தயாராக இருக்கிறது. லாரிக்காரர்களின் 19ஆம் சேனலை (27.185) நீங்களே சேமித்தால் மோட் ஏஎம் என்று இருக்கட்டும், எஃப்எம்மில் பேச்சு ஒழுங்காகப் புரியாது.

இப்போது ஆன்டெனா. பெட்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவில் முதல் வாரம் எனக்கு இரைச்சல்தான் கிடைத்தது, திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர், அதில் கால்பங்கே ஏறக்குறைய 2.75 மீட்டர், ஒரு சாண் குச்சி என்ன செய்யும்? காந்தத்தில் ஒட்டும் சிபி ஆன்டெனா ஒன்றை வாங்கி, ஜன்னலோரம் இருந்த இரும்பு அலமாரி மேல் வைத்தேன், அன்று மாலையே நெடுஞ்சாலை வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த ஆன்டெனாவின் முனை பிஎல்-259 வகை, ஸ்கேனரில் இருப்பது பிஎன்சி வகை, அதனால் நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். விலை குறைவென்று வாங்கிய முதல் அடாப்டர் லூசாக ஆடி, ஒலி விட்டுவிட்டு வந்தது. கனமான கேபிள் ஸ்கேனரின் முனையை இழுக்காமல் இருக்க ஒரு சிறு இணைப்புக் கேபிள் போடுங்கள், இது முக்கியம். அப்புறம், எல்இடி விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் இந்த அலைவரிசையில் இரைச்சல் போடும். நான் இரண்டு ஏஏ பேட்டரியில்தான் ஓட்டுகிறேன், பக்கத்துச் சார்ஜர்களையும் பிடுங்கிவிடுகிறேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது.

எஸ்எஸ்பி (ஏஎம் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) இதில் கிடையாது. மேல் சேனல்களில், குறிப்பாக 38இல், எஸ்எஸ்பியில் பேசுகிறவர்கள் இதில் வாத்து கத்துவது போலத்தான் கேட்பார்கள். அது வேண்டுமென்றால் கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற ரேடியோ ரிசீவரை வாங்குங்கள். சிபி மட்டுமே போதும், வேறெதுவும் கேட்க வேண்டாம் என்றால் நேராக ஒரு சிபி செட்டே வாங்கலாம், பதிலும் பேசலாம். விமானப் பேச்சும் கேட்க வேண்டும் என்பதால் எனக்கு ஸ்கேனர்தான் சரி.

காரில் எடுத்துப் போகிறவர்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். நியூயார்க், புளோரிடா போன்ற இடங்களில் வண்டிக்குள் ஸ்கேனர் வைக்கக் கட்டுப்பாடு உண்டு.

டிரைவர்கள் கைக்கும் செல்போன் வந்துவிட்டதால் சில நேரம் மணிக்கணக்கில் சேனல் அமைதியாகவே இருக்கும். ஏஎம்மில் அனுமதிக்கப்பட்ட சக்தி வெறும் 4 வாட், சில மைல் தாண்டினால் குரல் தேய்ந்துவிடும். ஆனால் அயனி மண்டலம் (ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கு) ஒத்துழைக்கும் பகல்களில் 6ஆம் சேனலைப் போட்டுப் பாருங்கள், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் பக்கத்து அறையில் நின்று கத்துவது போல வருவார். சூரியப்புள்ளிகள் அதிகமாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும்.

எனக்குப் பிடித்தது என்னவோ 19தான். போலீஸை 'கரடி' என்பார்கள், எடை மேடையைக் 'கோழிக்கூண்டு' என்பார்கள். சாலையில் உரிந்து கிடக்கும் டயர்ப் பட்டைக்குப் பெயர் 'முதலை', டெக்சஸ் வெயிலில் அதற்குப் பஞ்சமில்லை. போன ஆகஸ்டில் ஒரு மதியம், ஐ-35இன் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நடு லேனில் முதலை கிடக்கிறது, பார்த்து வாருங்கள் என்று ஒருவர் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து வேறொரு குரல்: பார்த்துவிட்டேன், ஒதுங்கிவிட்டேன், நன்றி டிரைவர்.