ஏற்காட்டுக் குளிரும் சல்பேட் கட்டிய பேட்டரியும்: இரண்டு வருஷ அனுபவம்

ஏற்காட்டு வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போனாலே அதிகம். காற்றும் மழையும் சேர்ந்தால் ஏதாவது ஒரு மரம் லைன்மேல் சாயும், கரண்ட் போய்விடும். அதற்காக வைத்ததுதான் இன்வெர்ட்டரும் அதன் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரியும். கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டு வருவேன், பேட்டரி சார்ஜ் ஏறாமலே கிடக்கும்; வினையே அங்கேதான். புதிதில் ஐந்து மணி நேரம் தாங்கியது, மூன்றாம் வருஷம் ஒன்றே கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது.

"சல்பேட் கட்டிருச்சுங்க சார், பழசைப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார் சேலத்தில் ஒரு கடைக்காரர். இன்னொருவர் புது ஆசிட் ஊற்றச் சொன்னார். அது வெறும் கண்துடைப்பு. சார்ஜ் குறைந்து கிடக்கும்போது ஆசிட்டில் இருக்கும் சல்பேட் தட்டுகளில் படிந்து கெட்டியாகிவிடுகிறது. ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தி காட்டும் மிதவைக் குழாய்; சார்ஜ் ஏற எண்ணும் ஏறும்) எண் ஏறும், தட்டு அப்படியேதான் இருக்கும்.

ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் பேட்டரியை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவர மனசில்லை. வோல்ட்டேஜ் மாற்றக்கூடிய சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி மேலே கொண்டுபோனேன்.

இன்வெர்ட்டர் வயரைக் கழற்றிவிட்டு, முதலில் வழக்கமான முழு சார்ஜ். அப்புறம் வேண்டுமென்றே கூடுதல் சார்ஜ், அதாவது ஈக்வலைஸ்: 15.8 வோல்ட், 6 ஆம்பியருக்கு மிகாமல். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தன. அன்றைக்கு சாமிக்கு ஊதுபத்திகூடக் கிடையாது. மதியத்துக்குமேல் உலை கொதிக்கிற மாதிரி சத்தம். மணிக்கு ஒரு தடவை ஆறு செல்லின் ஆசிட்டையும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தேன். காலையில் 1180, 1190 என்று நின்ற மிதவை மெல்ல 1235 வரை வந்தது. நான்காவது செல் மட்டும் 1150இல் தொடங்கி 1205இல் முரண்டு பிடித்தது. மூன்று தடவை பார்த்தும் எண் நகராததால் நிறுத்திவிட்டு, டிஸ்டில்டு வாட்டரை மார்க் வரை நிரப்பினேன். தட்டு வெளியே தெரிந்தால் ஒழிய முன்கூட்டி நிரப்பக் கூடாது, பொங்கி வழியும். கைலியில் ஏழு ஓட்டை விழுந்தது தனிக் கதை.

அடுத்த மாதம் இன்னொரு சுற்று. மூன்றரை மணி நேரம் தாங்கியது. புதுசு ஆகிவிடவில்லை, ஆனால் எனக்கு அது போதும்.

குளிரும் ஒரு காரணம் என்று பிறகுதான் உறைத்தது. சேலத்து வெயிலில் சார்ஜ் பண்ண 14.4 வோல்ட் சரி. வெப்பம் பதினைந்து டிகிரி குறையும்போது கிட்டத்தட்ட 0.3 வோல்ட் கூடுதலாகக் கொடுத்தால்தான் பேட்டரி நிரம்பும். இப்போது அதற்கேற்ப செட்டிங்கை மாற்றியிருக்கிறேன். தோட்டத்து அண்ணன் ஞாயிறுதோறும் மெயினைப் போட்டு, இருட்டியதும் அணைக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈக்வலைஸ். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டும்தான் இது; சீல் வைத்த பேட்டரியில் போன நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை, கெட்டுவிடும்.

இரண்டு வருஷம் கழித்து இன்றைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்குகிறது. நான்காவது செல் 1190க்கு இறங்கிவிட்டது. இந்த மழைக்காலத்தை ஓட்டிவிடும் என்று நினைக்கிறேன். வீட்டம்மா இப்போதே மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டாள்.