பாலக்காட்டில் ஒரு குழந்தைகள் ஆலோசனை மையம்: ஐந்து சனிக்கிழமைகளுக்குப் பிறகு

என் தங்கையின் மணமுறிவு வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் நடந்துவருகிறது. அவளுடைய ஒன்பது வயது மகளைப் பாலக்காட்டிலுள்ள ஒரு தனியார் குழந்தைகள் ஆலோசனை மையத்துக்கு ஐந்து சனிக்கிழமைகள் நான்தான் அழைத்துச் சென்றேன். பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனாலும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இத்தகைய இடத்தைத் தேடும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும்.

முதலில் மொழி. இதற்கு முன் சென்ற வேறோர் இடத்தில், ஆலோசகர் "மோளுக்கு விஷமம் உண்டோ?" என்று அன்பாகத்தான் கேட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைக்கோ அது குறும்பு. "நான் ஒரு விஷமமும் பண்ணலைங்க" என்று அவள் பதறியதை, வருத்தம் ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். கடைவீதியில் இரண்டு மொழியும் தடையின்றிப் பேசுகிற பிள்ளைதான் என்பதால், மொழி ஒரு சிக்கலாகும் என்று நாங்களும் நினைக்கவில்லை.

இந்த மையத்தின் ஆலோசகர் "வா அம்மிணி" என்றுதான் தொடங்கினார். முதல் இரண்டு அமர்வுகளில் வழக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு வீடுகளை வரையச் சொன்னாராம். இவள் இரண்டுக்கும் நடுவில், சாலையில், தன் பள்ளிப் பையை வரைந்திருந்தாள். மூன்றாவது அமர்வில், மதிப்பெண் குறைந்ததால்தான் அப்பா வீட்டைவிட்டுப் போனார் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவசரமாக ஆறுதல் சொல்லாமல், ஆலோசகர் சுவரிலிருந்த நாள்காட்டியை எடுத்து மேசையில் விரித்து, அப்பா போன நாளையும் மதிப்பெண் வந்த நாளையும் அவளையே காட்டச் சொல்லியிருக்கிறார். அப்பா போனது ஓண விடுமுறைக்கு முன்பு. ஓணப் பரீட்சைத் தாள்கள் கிடைத்தது விடுமுறைக்குப் பின்பு. விரலை இரண்டு கட்டங்களுக்கும் மாறி மாறி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப மார்க் வரவே இல்லையே" என்றாளாம். முந்தைய இடத்தில் ஏன் அப்படிப் பதறினாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு அவர் எங்களிடம் பகிர்ந்தது இவ்வளவுதான். யாரிடம் இருக்க விரும்புகிறாள் என்று எழுதித் தரும்படி நாங்கள் கேட்டபோது உறுதியாக மறுத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, விவரமறிந்து சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது, பிள்ளையின் நலனே முதன்மையானது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீதிபதி, வீட்டில் வேறு யாரும் கேட்காதீர்கள் என்றார். வாய்தாவுக்கு வாய்தா அந்தக் கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். நாங்கள் நிறுத்திய இரண்டாம் வாரத்தில் அவளுடைய காலை நேர வயிற்றுவலியும் நின்றது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லன்.

கட்டணம் ஓர் அமர்வுக்கு 700 ரூபாய். குறைவு என்று சொல்ல முடியாது. செலவு இயலாதவர்கள், குடும்ப நீதிமன்றங்களுக்கென 1984ஆம் ஆண்டுச் சட்டமே ஆலோசகர்களுக்கு வழிசெய்திருப்பதை நினைவில் கொள்ளலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் அழைத்துத் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

குறைகளும் உண்டு. படிவங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கின்றன. தந்தையைத் தனியாக அழைத்துப் பேசியது நான்காவது வாரத்தில்தான், முன்பே செய்திருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஆலோசனை அறைக்கும் காத்திருப்புக் கூடத்துக்கும் இடையில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு என்பது. இரண்டாவது வாரம் உடன் வந்த என் தாயார், பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாளிடம் மருமகனைப் பற்றி முழுக்கதையும் சொல்லி அழ, அத்தனையும் உள்ளே கேட்டிருக்கிறது. பாட்டிமார் உடன் வந்தால், கீழே இருக்கும் டீக்கடையில் அமர வைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.