வாடிக்கையாளருக்கு எத்தனை ஆர்டர், எத்தனை புகார்? எண்ணும் வழிகளில் எது மேல்

வாடிக்கையாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆர்டர் எண்ணிக்கை வர வேண்டும் என்றால், எஸ்க்யூஎல்லில் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியில்) பலரும் முதலில் எழுதுவது லெஃப்ட் ஜாயின் (முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு இன்னொன்றை இணைப்பது), அப்புறம் குரூப் பை (வாடிக்கையாளர் வாரியாகத் தொகுப்பது). ஒரே ஒரு அட்டவணையை எண்ணுவதற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் எண்ணித் தரும் கவுண்ட்டுக்குள் நட்சத்திரம் (*) போடக் கூடாது. ஆர்டரே தராதவருக்கும் லெஃப்ட் ஜாயின், ஆர்டர் பகுதி வெற்றாக உள்ள ஒரு வரிசையைத் தரும். நட்சத்திரம் அதையும் எண்ணி 1 என்று காட்டும். ஆர்டரின் ஐடியைக் கொடுத்தால் சரியாக 0 வரும்.

உண்மையான ஆபத்து இரண்டாவது அட்டவணையைச் சேர்க்கும்போதுதான். ஒருவருக்கு 3 ஆர்டர், 4 புகார் இருந்தால், ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு புகாரோடும் சேர்ந்து ஜாயின் 12 வரிசைகளைத் தரும். இரண்டு எண்ணிக்கையுமே 12 ஆகிவிடும். கவுண்ட்டுக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் எடுப்பது) போட்டால் எண்ணிக்கை சரியாகும். ஆர்டர் தொகையின் கூட்டலோ அப்போதும் நான்கு மடங்காகவே நிற்கும். அங்கேயும் டிஸ்டிங்க்ட் போட்டால், ஒரே தொகைக்கு வந்த இரண்டு ஆர்டர்களில் ஒன்று கணக்கில் வராது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், தவறான எண் நேராக அறிக்கைக்குப் போய்விடும்.

எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் செலக்ட் வரியிலேயே துணை வினவல் (வினவலுக்குள் இன்னொரு வினவல்) எழுதினால் இந்தக் கலப்படம் இல்லை. 0 கூடத் தானாக வரும். திரையில் 20 பேரைக் காட்டும் பக்கத்துக்கு நான் இதையே எழுதுவேன். ஆர்டர் அட்டவணையின் வாடிக்கையாளர் ஐடியில் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற அமைப்பு) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி, அந்நிய விசைக்கு (வேறு அட்டவணையின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசைக்கு) அதைத் தானே உருவாக்கும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் நாம்தான் உருவாக்க வேண்டும்.

எல்லா வாடிக்கையாளர்களுக்குமான அறிக்கை என்றால் என் தேர்வு வேறு. ஆர்டர்களைத் தனியாக, புகார்களைத் தனியாக வாடிக்கையாளர் ஐடி வாரியாக எண்ணி முடித்துவிட்டு, அந்த முடிவுகளை லெஃப்ட் ஜாயினில் இணைப்பது. ஒருவருக்கு ஒரு வரிசைதான் என்பதால் எதுவும் பெருகாது, தொகையும் சரியாக இருக்கும். வெற்று மதிப்பை 0 ஆக்க ஒரு கோலெஸ் வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கையை வாடிக்கையாளர் அட்டவணையிலேயே ஒரு நெடுவரிசையாக வைப்பதும் உண்டு. படிக்க மிக வேகம். ஆனால் ஆர்டர் நீக்கப்படும்போதும், இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும்போதும் அதைத் திருத்த வேண்டும். ஓர் இடத்தில் விட்டாலும் எண் பிசகும். மற்ற வழிகளின் வேகம் போதவில்லை என்று அளந்து பார்த்த பிறகே இதைத் தொடுங்கள்.