ஒரே மூச்சில் 25 மீட்டர்: படுக்கையில் பழகுவதா, தண்ணீரில் பழகுவதா?

போலீஸ், ராணுவம் போன்ற சீருடை வேலைக்குத் தயாராகும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகள் ஓட்டத்துக்குப் பயப்படுவதில்லை. செம்பனைக் காட்டு மண் பாதையே கால்களுக்கு உரமேற்றிவிடும். நீருக்கடியில் ஒரே மூச்சில் நீந்தச் சொன்னால்தான் முகம் வாடிவிடுகிறது. அமெரிக்க விமானப்படையின் சிறப்புப் பிரிவுத் தேர்வில் 25 மீட்டர் கேட்கிறார்கள். அந்நாட்டுக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படைப் பயிற்சியில் 50 மீட்டர். பழகுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். அதை எப்படி எட்டுவது என்பதில்தான் கட்சி பிரிகிறது.

ஒரு கட்சி, மூச்சடக்கும் அட்டவணைக் கட்சி. வீட்டில் படுத்தபடியே செய்யலாம், செலவில்லை. ஒரு நிமிடம் மூச்சை அடக்கி ஒன்றரை நிமிடம் ஓய்வு. அடுத்த சுற்றில் அடக்கும் நேரம் அதேதான், ஓய்வு மட்டும் 15 விநாடி குறையும். இப்படியே குறைத்துக்கொண்டு போகவேண்டும். நெஞ்சு முட்டுவதற்குக் காரணம் ஆக்சிஜன் தீர்ந்துபோவது அல்ல, கரியமில வாயு சேர்வதுதான். அந்த முட்டலைப் பதறாமல் தாங்க இந்தப் பயிற்சி மனதைப் பழக்கும். லாபம் அவ்வளவுதான். படுக்கையில் இரண்டு நிமிடம் தாங்குகிற பையன் குளத்தில் 15 மீட்டரில் எழுந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

காரணம் எளிது. நிதானமாக நீந்தினாலும் 25 மீட்டருக்கு ஏறக்குறைய அரை நிமிடம் போதும். அரை நிமிடம் மூச்சடக்க ஆரோக்கியமான யாராலும் முடியும். ஆக, 25 மீட்டருக்கு நுரையீரல் தடையில்லை, அவசரம்தான் தடை. முதல் 10 மீட்டரிலேயே கையையும் காலையும் போட்டு அடித்து, இருக்கிற ஆக்சிஜனைத் தசைகளுக்கே தின்னக் கொடுத்துவிடுகிறார்கள்.

அதனால் என் ஓட்டு தண்ணீர்ப் பயிற்சிக்கு. சுவரை உதைத்துக் கிளம்பும்போது கைகள் காதை ஒட்டி நீண்டிருக்கட்டும், பார்வை தரையில் இருக்கட்டும். வேகம் தணிந்ததும் இரு கைகளாலும் தொடைவரை ஒரே இழுப்பு. அப்புறம் சும்மா வழுக்கிப் போகவேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் பையன்களுக்கு வராது, அடுத்த இழுப்புக்குக் கை துடிக்கும். உடம்பு ஏறக்குறைய நிற்கப் போகும்வரை பொறுத்து, கைகளை உடம்போடு ஒட்டியே முன்னே கொண்டுபோய், ஒரு தவளை உதை. நுரையீரல் நிறையக் காற்று இருப்பதால் உடம்பு மேலே மிதக்கப் பார்க்கும். தலையை ஒரு துளி தாழ்த்தினால் சரியாகிவிடும். இரு கால்களையும் சேர்த்து அலைபோல அடிக்கும் டால்பின் உதை இதைவிட வேகம்தான், ஆனால் பெரிய தொடைத் தசைகள் ஆக்சிஜனை வாரி இறைக்கும். அதை நன்றாகக் கைவந்தவர்களுக்கு விட்டுவிடலாம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் தவளை நீச்சலின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் விதியை மாற்றி அந்த உத்தியைத் தடுத்தார்கள்.

இலக்கு 50 மீட்டர் என்றால் கணக்கு மாறும். அங்கே நெஞ்சு முட்டுவது நிச்சயம், அட்டவணையும் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: குதிக்கும்முன் வேகவேகமாக இழுத்து மூச்சு விடுவது. இதை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. சாதாரணமாகவே ரத்தம் 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது, இதனால் கூடுதலாக ஏறுவது ஒன்றுமில்லை. குறைவது கரியமில வாயு மட்டும். ஆலைச் சங்கை ஊதாமல் நிறுத்திவிட்டால் பொழுது விடியாமல் போய்விடுமா? ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும், எச்சரிக்கை வராது, நீந்துகிறவர் அப்படியே மயங்கிவிடுவார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் செத்திருக்கிறார்கள்.

இடத்தையும் சொல்லவேண்டும். ஈப்போ வரை மோட்டாரில் போகச் சோம்பல்பட்டு, பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ சுங்கை பிளஸ் ஆற்றிலோ பழகலாம் என்று நினைக்காதீர்கள், தம்பிகளே. கலங்கிய தண்ணீரில் மயங்கியவரைக் கண்ணால் தேடவே முடியாது, குட்டையின் கரையோ திடீரென்று ஆழமாகிவிடும். வேண்டியது தெளிவாகத் தரை தெரிகிற குளம், உயிர்காப்பாளர், கூடவே உங்களை மட்டும் பார்க்க ஒரு நண்பர். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்கு ஓட்டம் மட்டும் போதும். நண்பர் கரையில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வந்ததாகவே கணக்கில்லை. நீங்கள் நீந்தும்போது அவர் தண்ணீரில் உங்களோடு நகரவேண்டும், நீங்கள் தலை தூக்கிய பிறகும் அரை நிமிடம் கண்ணெடுக்கக் கூடாது, ஏனென்றால் மேலே வந்து மூச்சு இழுத்த பிறகும் மயக்கம் வரும்.