அளவெடுத்துத் தைத்த வெட்சூட்: ஒரு பட்டறையின் வேலையைப் பற்றி

முக்குளிப்பவர்கள் குளிர் தாக்காமலிருக்க அணியும் ரப்பர் உடைதான் வெட்சூட்; ஆயத்தமாக விற்கப்படும் வெட்சூட்களின் அளவு அட்டவணையில் பெரும்பாலும் உயரம், எடை, மார்புச் சுற்றளவு, இடுப்பளவு ஆகியவையே இருக்கும். இவை நான்கும் பொருந்தியும் உடை உடம்போடு ஒட்டாதவர்கள் நிறையப் பேர் உண்டு. உடற்பகுதி நீண்டும் கால்கள் குட்டையாகவும் அமைந்த எனக்கு, தோளில் சரியாக உட்காரும் உடை கணுக்காலில் சுருண்டு கிடக்கும். கணுக்காலுக்குச் சரியானதோ இரு தோள்களையும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இம்முறை, அளவெடுத்துத் தைத்துத் தரும் சிறிய பட்டறை ஒன்றில் முழுநீள உடை ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். உடை கைக்கு வந்து, கடலில் போதிய அளவு பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பொருத்தத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். உள்ளே புகும் நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் குளிரைத் தடுப்பது நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளே. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் வெட்சூட்டை வடிவமைத்தபோது அடிப்படையாகக் கொண்டதும் இதைத்தான்: முக்குளிப்பவரின் உடல் நனையாமல் இருக்க வேண்டியதில்லை, சூடு வெளியேறாமல் இருந்தால் போதும். உள்ளே இருக்கும் நீர் செய்ய வேண்டிய ஒரே வேலை, இருந்த இடத்திலேயே இருப்பது. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் நீர், ஒவ்வோர் அசைவிலும் முதுகுப் பள்ளத்தில் புதிதாகப் புகுந்து வெளியேறுமானால், ரப்பர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. உடம்போடு ஒட்டிய 5 மி.மீ. உடை, தொளதொளப்பான 7 மி.மீ. உடையைவிட மேல் என்பதே என் கருத்து.

பட்டறைக்காரர் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே நிறையக் கேட்டார். நீரின் வெப்பநிலை என்ன, எவ்வளவு ஆழம், ஒரு நாளில் எத்தனை முறை இறங்குவீர்கள், சிலிண்டருடனா மூச்சடக்கியா, குளிர் தாங்குவீர்களா என்ற கேள்விகள் எல்லாம் காரணத்தோடுதான் வந்தன. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, குமிழிகளில் உள்ள வாயுவின் கன அளவு பாதியை நோக்கிச் சுருங்குகிறது; 30 மீட்டரில் அது கால் பங்கை நெருங்குகிறது. கரையில் 5 மி.மீ. ஆக இருப்பது ஆழத்தில் அப்படியே இருப்பதில்லை. 7 மி.மீ. வேண்டும் என்று நினைத்துப் போன என்னை, 5 மி.மீ. முழு உடையும், மிகக் குளிர்ந்த நாள்களுக்கென உள்ளே போட்டுக்கொள்ளத் தலைமூடியுடன் கூடிய மெல்லிய மேலாடை ஒன்றும் எடுத்துக்கொள்ளுமாறு அவர் மாற்றினார். விற்பனையை மட்டும் நினைப்பவர் தரும் யோசனையாக எனக்கு அது தோன்றவில்லை.

நியோபிரீன் தாளைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவாகவில்லை. யமமோட்டோ போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் தாள்களை அவற்றின் வகை எண்ணைச் சொல்லி விற்கும் வழக்கம் உண்டு; அந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிடத் தாளைக் கையில் கசக்கி, இழுத்து, விட்டுப் பார்ப்பது நல்லது. மிக மென்மையான தாள் உடுத்தச் சுகமாக இருந்தாலும் ஆழத்தில் விரைவாக நசுங்கும். அடர்த்தியான தாள் சற்று விறைப்பாக இருந்தாலும் நாள்பட உழைக்கும். உட்புறத்தில் துணி ஒட்டாத வகை தோலோடு அப்படியே பற்றிக்கொள்வதால் மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் சோப்பு நீர் தடவாமல் அதற்குள் நுழைய முடியாது, நகம் பட்டாலே கிழியும். சிலிண்டரின் வார்ப்பட்டைகள் உரசும் என் போன்றோருக்கு இருபுறமும் நைலான் ஒட்டிய தாளே ஏற்றது.

அளவெடுத்த விதம்தான் இந்தப் பட்டறையில் என்னை மிகவும் கவர்ந்தது. நீச்சல் உடையில், வெறுங்காலில், இரு பாதங்களிலும் எடை சமமாக விழும்படி நிற்கச் சொன்னார். இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக் நாடா ஒன்றைக் கட்டி, அது தானாகப் போய் நின்ற இடத்தையே இடுப்புக் கோடாக எடுத்துக்கொண்டார். கழுத்தின் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பு, தோள் முனை, முழங்காலுக்கு மேலும் கீழும் என்று தோலில் கழுவினால் போகும் பென்சிலால் புள்ளிகள் வைத்து, எல்லா நீளங்களையும் அந்தப் புள்ளிகளிலிருந்தே அளந்தார். டேப் தோலைத் தொட வேண்டும், ஆனால் சதையை அழுத்தக் கூடாது. மார்பை, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் ஒரு முறையும் நிறைய இழுத்த நிலையில் ஒரு முறையும் அளந்தார். கைகளையும் கால்களையும் இடம் வலம் எனத் தனித்தனியே எடுத்ததில், என் வலது முன்கை இடதைவிடச் சற்றுப் பருத்திருப்பது தெரியவந்தது. முன்கழுத்தின் அடியிலிருந்து கால்களுக்கு இடையே சென்று பின்கழுத்து வரை வரும் சுற்று நீளத்தை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார். ஆயத்த உடைகள் என் போன்றவர்களைக் கைவிடும் இடம் அதுதான்.

அஞ்சலில் அளவு கேட்கும் நிறுவனங்களுக்கு எழுதி அனுப்புபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டைக்குக் கொடுப்பதைப் போல "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று ஓரிரு சென்டிமீட்டர் கூட்டி எழுதக் கூடாது. ரப்பர் இழுபட்டு நிற்க வேண்டும் என்பதற்காக எவ்வளவு குறைத்து வெட்டுவது என்பது தைப்பவரின் கணக்கு. நாம் கொடுக்க வேண்டியது உடம்பின் உண்மையான அளவு மட்டுமே. தன்னைத் தானே அளந்துகொள்ளவும் கூடாது, குனிந்தவுடனேயே பாதி அளவுகள் மாறிவிடும்.

முதல் ட்ரையலில் உடை உலர்ந்த நிலையில் நன்றாகவே இறுகியது. இது இயல்புதான். பாதத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொண்டு, நகம் படாமல் விரல்களின் சதையால் பிடித்து, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும் அங்கிருந்து தொடைக்கும் உடையைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். கவட்டைப் பகுதி முழுவதும் மேலேறி உட்காராவிட்டால் கை நீளம் குறைந்ததாகத் தோன்றும். குறை தையலில் இருக்காது. பிறகு கைகளைத் தலைக்கு மேல் தூக்குதல், மார்புக்குக் குறுக்கே கட்டுதல், குத்தவைத்து உட்கார்தல், ஆழ்ந்து மூச்சிழுத்தல் எல்லாவற்றையும் செய்யவைத்து, அக்குளிலும் முழங்காலின் பின்புறத்திலும் அவர் கிள்ளிப் பார்த்தார். முதுகுப் பள்ளத்தில் மட்டும் ரப்பர் விரலுக்குச் சிக்கியது. அங்கே ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஒட்டித் தைத்ததும் அந்த இடைவெளி மறைந்தது. பிடிப்பது எளிது, விரிப்பதற்குத்தான் புதிய துண்டு சேர்க்க வேண்டும், அதனால் தையலும் இரண்டாகும்.

கழுத்து விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பட்டை எனக்கு இறுக்கமாக இருந்தது. "போகப் போக இளகிவிடும் சார்" என்றார். இதை நான் ஏற்கவில்லை. கழுத்தின் இருபுறமும் உள்ள தமனிகளில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை அழுத்தப்பட்டால் இதயத் துடிப்பு குறைந்து தலைசுற்றலோ மயக்கமோ வரலாம், தண்ணீருக்கடியில் அது விளையாட்டல்ல. மெல்லிய, வழவழப்பான ரப்பரில் புதிய கழுத்துப்பட்டை வைத்துத் தரும்படி வற்புறுத்திய பிறகே மாற்றித் தந்தார். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை, ஆனால் மனநிறைவோடு செய்ததாகவும் தெரியவில்லை.

தையலில் குறை சொல்ல அதிகம் இல்லை. துண்டுகளின் விளிம்புகளைப் பசையால் ஒட்டி, வளைந்த ஊசி ரப்பரின் பாதித் தடிமனுக்கு மட்டும் இறங்கி ஏறும்படி தைத்திருக்கிறார்கள். ஊசித்துளை மறுபுறம் வராததால் அதன் வழியே நீர் கசியாது. இருபுறமும் துளைத்துத் தைக்கும் தட்டைத் தையல் வெதுவெதுப்பான நீருக்குப் போதும், குளிர்ந்த நீருக்குப் போதாது. பல தையல்கள் கூடும் அக்குளில் உட்புறம் சிறு ஒட்டு வைத்திருப்பதையும் பார்த்தேன்.

நீரில் இறங்கியதும் மணிக்கட்டிலும் கழுத்திலும் சற்று நீர் புகுந்தது. அதன் பிறகு தலைகீழாகத் திரும்பியபோதும் முதுகில் ஓட்டம் ஏதும் இல்லை. தோள் இழுக்கவில்லை. ஏறத்தாழ 20 மீட்டருக்குக் கீழே குளிர் தெரியத்தான் செய்கிறது, அது இயற்பியல், பட்டறையின் குற்றமல்ல. புதிய ரப்பரின் மிதப்பு அதிகம் என்பதால், அதை ஈடுகட்டி மூழ்க உதவும் பழைய ஈய எடைகள் போதவில்லை. சிலிண்டரில் காற்று ஏறக்குறையத் தீரும் நிலையில் 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்தே எடையை முடிவு செய்ய வேண்டும்.

சொன்ன நாளில் உடை வரவில்லை. தாமதத்தை நான் தொடர்புகொண்ட பிறகுதான் தெரிவித்தார்கள். முதுகு ஜிப்பின் கயிறு குட்டையாக இருப்பதால் இன்னொருவர் உதவியின்றிப் போட முடியவில்லை. வெதுவெதுப்பான நீரில் 3 மி.மீ. உடையுடன் எப்போதாவது இறங்குபவருக்கும், ஆயத்த அளவே பொருந்தும் உடல்வாகு உள்ளவருக்கும் இந்தச் செலவும் காத்திருப்பும் தேவையில்லை. மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் புறப்படும் முன் அளவுத்தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் அவர்கள் தருவதில்லை, பின்னாளில் உடல் பருத்தோ மெலிந்தோ போனால் எந்த இடத்தில் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் பேச முடியும்.